ஆற்றில் போட்டுத் தேக்காவில் தேடு

விருத்தாசலம் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு ரயில் ஜங்ஷன்தான் ஞாபகத்துக்கு வரும். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகிற பாதையும், சேலத்துக்கும் கடலூருக்கும் பிரிகிற பாதைகளும் கூடுகிற இடம். வண்டி நிற்கும், காப்பி வாங்கிக் குடிப்போம், வண்டி புறப்பட்டுவிடும். ஊருக்குள் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. அடுத்த தடவை இறங்கித்தான் பாருங்களேன்! மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் இருக்கிறது. தேவாரம் திருமுதுகுன்றம் என்று பாடுகிற ஸ்தலம் இதுதான். கோபுரம், பிராகாரம், தேர் எல்லாமே இங்கே ஐந்தைந்து என்று ஊர்க்காரர்கள் விரல் மடக்கி எண்ணிக் காட்டுவார்கள். நீங்களும் எண்ணிப் பார்க்கலாம். கால் வலித்தால் நான் பொறுப்பல்ல.

கோயிலைச் சுற்றி முடித்ததும், பெண்மணிகளாக இருந்தால் நிச்சயமாக, அடுத்தபடியாகக் கேட்பது பீங்கான் சாமான் எங்கே கிடைக்கும் என்றுதான். கொலுவுக்குப் பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, ஊறுகாய்க்கு ஜாடி, பழைய மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே அந்த ஃப்யூஸ் கட்டை, எல்லாம் இந்த ஊர்ச் சரக்கு. செய்கிற விதம் வேடிக்கையானது. வெள்ளைக் களிமண்ணோடு படிகக்கல் பொடியும், ஃபெல்ஸ்பார் என்கிற கல்லின் பொடியும் சேர்த்துத் தோசை மாவுப் பதத்தில் கரைத்துக் கொள்கிறார்கள். அதைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளக் கொள்ள, ஓரத்தில் பாலாடை மாதிரி ஓர் ஏடு படிகிறது. போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து வெளியே ஊற்றிவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே கூடாக ஒரு பிள்ளையார்! காய வைத்து, சூளையில் வேக வைத்து, பளபளப்புப் பூச்சு கொடுத்து, ஆயிரம் டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலான சூட்டில் சுட்டெடுத்தால் அவர் நம் வீட்டு ஷோகேஸுக்கு வரத் தயார்.

இந்தத் தொழிலுக்கென்றே சர்க்கார் இங்கே ஒரு தொழிற்பேட்டை ஏற்படுத்தியிருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுக் கொடுக்கும் கல்வி நிலையமும் இருக்கிறது. ஊர் ஜனங்கள் மண்ணைப் பிசைந்து பிழைக்க, அந்தப் பிழைப்பின் மேல் சர்க்கார் முத்திரை விழுந்து, 'பீங்கான் நகர்' என்று பெயரும் கிடைத்துவிட்டது.

மண்ணைப் பிசைந்து பெயர் வாங்கிய இன்னொரு தமிழ்ப் பேட்டைக்கு உங்களை அழைத்துப் போகவே இத்தனை பீடிகை. அது கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் அதற்கு வழி மணிமுத்தாற்றிலிருந்தே தொடங்குகிறது.

சுந்தரமூர்த்தி நாயனார் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திருமுதுகுன்றத்தில் சிவபெருமானிடம் பன்னீராயிரம் பொன் வாங்கினார். 'இதை மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்' என்று சுவாமி உத்தரவு. அப்படியே போட்டுவிட்டுத் திருவாரூர் போய்க் குளத்தில் இறங்கித் துழாவினார். பரவையார் சிரித்தாராம், ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிற புருஷனைப் பார்த்து எந்த மனைவிதான் சிரிக்க மாட்டாள்? பொன் கிடைத்தது. ஆனால் மாற்று உரைத்துப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்திருந்தது என்றும், அவர் மறுபடி பாடிய பிறகே சரியாயிற்று என்றும் சொல்வார்கள்.

இந்தக் கதை இந்தப் பிரதேசத்துக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! விருத்தாசலம் இன்று கடலூர் மாவட்டம். 1993 வரையில் தென்னாற்காடு ஜில்லா. தஞ்சாவூர், திருச்சி, சேலம், தென்னாற்காடு ஜில்லாக்களிலிருந்து நூறு, நூற்றைம்பது வருஷங்களாக ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கினார்கள். இன்று திருச்சியிலும் சென்னையிலும் விமானம் ஏறுகிறார்கள். உழைப்பை இங்கிருந்து எடுத்துப் போய் அங்கே போட்டு, பொன்னை அங்கிருந்து எடுத்து வந்து இங்கே போடுகிற காரியம் இன்னும் நிற்கவில்லை. வீட்டில் காத்திருக்கிற பரவையார்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் சிரிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு என்று ஒரு நீண்ட வீதி உண்டு. அங்கே போய் இறங்கினால் முதலில் மல்லிகைப்பூ வாசனை வரும்; பிறகு சாம்பிராணி; பிறகு மசாலா. ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, பூக்கட்டும் தட்டிகள்! மாயவரம் கடைத்தெருவை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து, நன்றாகக் கழுவித் துடைத்து, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வர்ணம் அடித்து வைத்த மாதிரி இருக்கும். 1947-ல் ஆரம்பித்த கோமள விலாஸில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். ரயில் நிலையப் பலகையில் தமிழிலேயே 'லிட்டில் இந்தியா' என்று எழுதியிருக்கும். சர்க்கார் வைத்த பெயர் அது. ஆனால் அங்கே பூக்கடை அக்காளிடம் "லிட்டில் இந்தியா எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், உங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "தேக்காவா? இதுதான் தேக்கா" என்பாள்.

தேக்கா என்பது தமிழே அல்ல, சீன வார்த்தை. மூங்கில் புதரின் அடிவாரம் என்று அர்த்தமாம். மலாய்க்காரர்களோ இதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில் என்றார்கள். நம்மவர்களும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: சுண்ணாம்புக் கம்பம். கம்பம் என்பது கிராமத்துக்கு மலாய்ச் சொல். சுண்ணாம்பு மட்டும் நம்முடையது. இப்படி மூன்று பாஷைக்காரர்கள் மூன்று பெயர் வைத்திருந்த இடத்துக்கு நான்காவதாக ஓர் இங்கிலீஷ் பெயரை வைத்தது, சுற்றுலாப் பிரயாணிகளின் வசதிக்காக.

சுண்ணாம்பு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 1825-ஆம் வருஷத்திலிருந்து பிரிட்டிஷார் இந்தியக் கைதிகளைக் கப்பலில் ஏற்றிச் சிங்கப்பூரில் கொண்டுபோய் இறக்கினார்கள். ரோடு போட்டது, பாலம் கட்டியது, சதுப்பு நிலத்தைத் தூர்த்தது எல்லாம் அவர்கள் கைதான். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் செங்கல் அறுக்கத் தோதான களிமண் கிடைத்தது. சூளைகள் எழுந்தன. கைதிகள் அறுத்த செங்கல் 1867-ல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியதாக அவர்களை மேற்பார்த்த துரை ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்திலேயே சுண்ணாம்புக் காளவாய்கள். கைதிகள் காலம் போய்ச் சம்பளத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளிகளும் இந்தக் காளவாய்களில் வெந்தார்கள்.

அந்தச் சுண்ணாம்பை வைத்துச் செய்த ஒரு பூச்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அன்று முதல் இன்று வரை பளிங்கு மாதிரி வெள்ளையாக நிற்கிறது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். பூச்சுக்குப் பெயர் 'மதராஸ் சுண்ணாம்பு'. பக்குவம் இதோ: சிப்பிச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு, முட்டை வெள்ளைக் கருவும் முரட்டுச் சர்க்கரையும் சேர்த்து வெண்ணெய் போல அரைக்க வேண்டும். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுத் தளர்த்த வேண்டும். சுவரில் பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். சமையல் குறிப்புப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டியதை நான் தவறிப்போய் இங்கே எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள்! செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பத்துப் பூச்சு பரிச்சயம்தான்.

காளவாய்த் தொழிலாளிகள் 1881-ல் தங்களுக்கென்று ஒரு காளி கோயில் கட்டிக் கொண்டார்கள். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். ரொம்ப நாள் வரையில் அதற்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர். ஊரில் மாரி, காளி என்று கும்பிட்ட தெய்வத்தைக் கூடவே அழைத்து வந்துவிட்டார்கள். பெண்டு பிள்ளைகளை அழைத்து வர முடியவில்லை. அந்நாளில் போனவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். காளி ஒருத்திதான் அவர்களுக்குத் தாயும் சகோதரியும்.

இனி எருமைக் கொட்டில். ஓடைத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் இங்கே கொடிகட்டிப் பறந்தது. அதில் பெரிய புள்ளி யார் தெரியுமா? பெலிலியோஸ் என்ற யூதர், கல்கத்தாவிலிருந்து வந்தவர். இன்றும் பெலிலியோஸ் ரோடு இருக்கிறது. பஃபலோ ரோடு இருக்கிறது. கெர்பாவ் ரோடு இருக்கிறது. இரண்டும் எருமைத் தெருதான், ஒன்று இங்கிலீஷ் எருமை, மற்றது மலாய் எருமை! அதற்கும் ஒரு படி மேலே, கிளைவ் தெரு, டல்ஹௌஸி சந்து, ஹேஸ்டிங்ஸ் ரோடு என்றும் உண்டு. நம் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் செயிண்ட் டேவிட் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்திருந்த அதே கிளைவ்தான். அவர் பெயரிட்ட தெருவில் இன்று முறுக்கு வாசனை வருகிறது.

இந்தக் கொட்டிலின் பெயரையே சுமந்துகொண்டு 1924-ல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி, சுருக்கமாகக் கே.கே. 1966-ஆம் வருஷம் ஒரே வருஷத்தில் அங்கே கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்தன! ஒரே ஆஸ்பத்திரியில் அத்தனை பிரசவம் உலகத்தில் எங்குமே நடந்ததில்லை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிற்று. சீனக் குழந்தை, மலாய்க் குழந்தை, தமிழ்க் குழந்தை எல்லாம் எருமைக் கொட்டிலில்தான் கண் விழித்தன. இந்த வட்டாரத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் கோயிலையும் புடவைக் கடையையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சரி, சர்க்கார் முத்திரைக்கு வருவோம். 1989-ஆம் வருஷம் ஜூலை 7-ஆம் தேதி சிங்கப்பூர் சர்க்கார், பழைய நகரத்தின் சில பகுதிகளைப் 'பாதுகாக்கப்பட்ட வட்டாரம்' என்று கெஜட்டில் வெளியிட்டது. சீனர்களின் சைனாடவுன், மலாய்க்காரர்களும் அரபிகளும் வாழ்ந்த கம்போங் கிளாம் ஆகியவற்றோடு லிட்டில் இந்தியாவும் அந்த ஜாபிதாவில் இருந்தது. கூலியாகவும் கைதியாகவும் வந்தவர்களின் பேட்டையை, இது எங்கள் தேசத்தின் சொத்து என்று ஒரு சர்க்கார் எழுதிக் கொடுப்பது சின்ன விஷயமல்ல. நான் குறை சொல்வதற்கென்று வரவில்லை. சென்னையில் எத்தனை பழைய வீடுகளை இடித்துவிட்டு, பிறகு அவற்றின் போட்டோவை ஹோட்டல் வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிறோம்! அதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் முத்திரை எதைப் பாதுகாத்தது என்று உற்றுப் பார்க்க வேண்டும். முகப்பு, ஜன்னல் வேலைப்பாடு, ஓட்டுக் கூரை, முற்றம், கடைக்கு முன்னால் நிழலுக்காக விடுகிற ஐந்தடிப் பாதை, இவற்றை மாற்றக் கூடாது. உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன வியாபாரம் நடக்கிறது என்பது அந்தக் கெஜட்டின் கவலையல்ல. 1947-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001-ல் ரத்தாகிவிட்டது. சுவரை இடிக்க முடியாது; வாடகையை ஏற்ற முடியும். ஐந்தடிப் பாதையில் கிளி ஜோசியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் உண்டு. பாதை பத்திரமாக இருக்கிறது. கிளிகளைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்றும் அதே வருஷத்தில் நடந்தது. அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் முழுசாகத் தெரியும். சிங்கப்பூரில் பெரும்பாலோர் வசிப்பது சர்க்கார் கட்டிய அடுக்கு வீடுகளில். ஓர் இனத்தார் ஒரே இடத்தில் கூடிக்கூடிக் குடியேறினால் வேற்றுமை வளரும் என்று நினைத்த சர்க்கார், 1989 மார்ச் மாதம் ஒரு விதி கொண்டு வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர் இவ்வளவுக்கு மேல் கூடாது, மலாய்க்காரர் இவ்வளவுக்கு மேல் கூடாது, இந்தியர் இவ்வளவுக்கு மேல் கூடாது! இதில் நியாயம் இருக்கிறது. 1964-ல் இனக் கலவரம் பார்த்த ஊர் அது. ஆனால் பாருங்கள்: இனி ஓர் இனத்தார் ஒரே பேட்டையில் சேர்ந்து குடியிருக்க முடியாது என்று மார்ச்சில் சட்டம், அப்படிச் சேர்ந்து குடியிருந்த பழைய பேட்டைக்கு ஜூலையில் பொன்னாடை. அடுத்த தேக்கா உண்டாக வழியில்லை என்று ஆன வருஷத்தில்தான் இருக்கிற தேக்கா அருமை பெருமைக்குரியதாயிற்று. அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் அதற்குள் அடுக்கு வீடுகளுக்குப் போயாகிவிட்டன. தீபாவளிக்கு ஜவுளி எடுக்கவும், தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி எடுக்கவும் வருகிறார்கள். ராத்திரி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் ஜனங்கள் ஜெயித்தார்கள். பழைய தேக்கா மார்க்கெட்டை 1982-ல் எதிரே புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது, அதிகாரிகள் அதே பெயரைப் பீகிங் உச்சரிப்பில் 'ஜூஜியாவ்' என்று எழுதி மாட்டினார்கள். தமிழர் வாயிலும் மலாய்க்காரர் வாயிலும் அது நுழையவில்லை. சீனர்களிலேயே பலர் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் பலகை ஒன்று சொல்லியது, ஜனங்கள் ஒன்று சொன்னார்கள். கடைசியில் 2000-ஆம் வருஷம் பலகையை இறக்கிவிட்டுத் 'தேக்கா' என்றே மறுபடி எழுதினார்கள். கத்திரிக்காய் வாங்க வருகிற பெண்களோடு வாதாடி எந்த சர்க்கார் ஜெயித்திருக்கிறது?

பக்கத்து நாட்டில் இதற்கு ஒரு தங்கை உண்டு. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ். பெயரே செங்கல் காடு! 1881-ல் தீயும் வெள்ளமும் அந்த ஊரைப் பாழாக்கிய பிறகு, இனிக் கூரை வேண்டாம், செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. சூளைகள் எழுந்த இடம் இது. பிறகு ரயில்வே தொழிலாளிகளாகத் தமிழர்கள் குடியேறினார்கள். 2010 அக்டோபர் 27-ஆம் தேதி, நம் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜீபும் சேர்ந்து இதை 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தார்கள். தோரணவாயில், வர்ண விளக்கு, நீரூற்று எல்லாம் உண்டு. சிங்கப்பூர்ப் பேட்டையும் செங்கல், கோலாலம்பூர்ப் பேட்டையும் செங்கல். தமிழன் போகிற இடமெல்லாம் முதலில் மண்ணைத்தான் தொட்டிருக்கிறான்.

இந்த மாதிரி முத்திரை விழுந்த இடங்களில் மாற்று குறைந்துவிடாதா என்று சிலர் கவலைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை அதிகம் இல்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன் தலைக் கறி என்று ஒன்று பரிமாறுகிறார்கள். பெரிய மீனின் தலையை முழுசாகப் புளிக்குழம்பில் போட்டு, வெண்டைக்காயும் தக்காளியும் சேர்த்து, இலையில் அல்ல, சட்டியோடு கொண்டு வந்து வைப்பார்கள். 1949-ல் கேரளத்துக்காரர் ஒருவர் சீன வாடிக்கைக்காரர்களுக்காகக் கண்டுபிடித்த பதார்த்தம் என்பார்கள். விருத்தாசலத்திலும் கிடையாது, திருச்சூரிலும் கிடையாது. அங்கேயே பிறந்தது. இதை மாற்றுக் குறைவு என்பீர்களா? பொங்கல் சமயத்தில் கேம்பல் சந்துப் பக்கம் நிஜ மாடுகளைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அடுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. எருமைக் கொட்டில் வருஷத்துக்கு ஒரு முறை தன் பழைய பெயருக்குத் திரும்புகிறது! அதே சந்தில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. முகப்பு படிக்கிணறு மாதிரி. உள்ளே, வந்தவர்களின் பெட்டி, பத்திரம், நகை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால்.

என் கவலை வேறு. வந்தவர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாயிற்று. வந்துகொண்டே இருப்பவர்களை எங்கே வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்குப் போனால் இந்தக் கேள்வி உங்களுக்கும் உண்டாகும். அன்று புடவைக் கடைகளை விட ஐந்தடிப் பாதையில்தான் கூட்டம். எல்லாம் ஆண்கள்; இருபது வயதிலிருந்து நாற்பதுக்குள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வந்தவர்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஊருக்கு ஒதுக்குப்புறமான விடுதியில் தூக்கம். ஞாயிறு ஒரு நாள் வந்து பணம் அனுப்பி, முடி வெட்டி, காளியைக் கும்பிட்டு, புல் தரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். 1881-ல் காளவாய் வேலை முடிந்து உட்கார்ந்தவர்களும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரே ஒரு வித்தியாசம். அன்று கூலியாக வந்தவர்களில் பலர் அங்கேயே வேர் விட்டார்கள். கோவிந்தசாமி பிள்ளை மாதிரி வெறுங்கையோடு வந்து, சிராங்கூன் ரோட்டில் கடை மேல் கடையாக வைத்து, பெருமாள் கோயிலுக்குக் கல்யாண மண்டபம் கட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. இன்று வேலை அனுமதிச் சீட்டில் வருகிற தொழிலாளி மனைவியை அழைத்துவர முடியாது. அங்கே யாரையாவது கல்யாணம் செய்துகொள்ளவும் சர்க்கார் அனுமதி வேண்டும். சீட்டு முடிந்தால் திரும்பியே ஆக வேண்டும். அன்று வந்தவன் அந்த ஊருக்குப் பாட்டனார் ஆனான். இன்று வருகிறவனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

2013 டிசம்பர் 8-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பஸ்ஸின் அடியில் அகப்பட்டு இறந்து போனார். கூடியிருந்தவர்கள் கொதித்தார்கள், கல் பறந்தது, போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸும் எரிந்தன. நாற்பது வருஷத்துக்கு மேல் கலவரமே பார்க்காத ஊர் திடுக்கிட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். 2015-ல் வந்த சட்டம் அந்த வட்டாரத்தில் மது விற்பதற்கும் குடிப்பதற்கும் விசேஷக் கட்டுப்பாடு விதித்தது. குடியைக் கட்டுப்படுத்தியதை எந்தக் குடும்பத்துப் பெண்ணும் தவறென்று சொல்லமாட்டாள், நானும் சொல்லவில்லை. பிறகு 2020-ல் கொரோனா வந்தது. தொற்று தொழிலாளர் விடுதிகளில்தான் மளமளவென்று பரவிற்று. மாதக்கணக்கில் அவர்கள் விடுதியை விட்டு வெளியே வரவில்லை. தேக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வெறிச்சோடிக் கிடந்தது. தொழிலாளி வராவிட்டால் சாப்பாட்டுக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் என்ன கதி என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கிற்று.

2022 ஜூன் மாதம் கதவு திறந்தபோது ஒரு விதி வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை விடுமுறையும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக விரும்புகிற விடுதித் தொழிலாளிகள் அதற்கென்று சீட்டு எடுக்க வேண்டும் என்றது அந்த விதி. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வருகிற சுற்றுலாப் பிரயாணியும் காமிராவை மாட்டிக்கொண்டு நேரே உள்ளே போகலாம். குடியேறி வந்த தொழிலாளிகளின் ஞாபகமாகப் பாதுகாக்கிற பேட்டைக்குள் வர, குடியேறி வந்த தொழிலாளிக்குச் சீட்டு! கூட்டத்தை ஒழுங்குபடுத்தச் செய்த ஏற்பாடு என்றார்கள். இருக்கலாம். ஆனால் சுண்ணாம்புக் கம்பத்தில் கோயில் கட்டியவர்கள் சீட்டுக் காட்டிவிட்டா காளியைப் பார்க்கப் போனார்கள்?

சிங்கப்பூர் போகிறவர்கள் நம் குடும்பங்களில் இப்போது ஏராளம். பிள்ளை அங்கே இருக்கிறான், பெண் பிரசவத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று விமானம் ஏறுகிறோம். தேக்காவுக்கு வாரநாளில் போனால் வர்ண ஜன்னல்களும் நகைக்கடைகளும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். கூட்டம் கசகசவென்றிருக்கும் என்று பயப்படாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போய் வாருங்கள். ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்திருக்கிறவர்களைத் தாண்டிக் கொண்டு, முகத்தைத் திருப்பிக் கொண்டு போகாதீர்கள். "எந்த ஊர் தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். திருவாரூர் என்பான், புதுக்கோட்டை என்பான், பெண்ணாடம் என்பான். கையிலிருக்கிற போனைத் திருப்பி, குழந்தை முகத்தைக் காட்டுவான்.

ராத்திரி ஆக ஆக விடுதிகளுக்குப் போகிற பஸ்களுக்கு வரிசை நீளும். பைகளில் கறிவேப்பிலைக் கட்டும் ஊறுகாய் பாட்டிலும், அடுத்த மாதம் ஊருக்குப் போகிற சிநேகிதனிடம் கொடுத்தனுப்ப வாங்கிய குட்டிச் சட்டையும் இருக்கும். திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே வேலை ஸ்தலத்துக்குப் போகிற லாரி வந்துவிடும்.